புள்ளிக் கணக்கு

பொழுது சாய்ந்தபின்
ஒரு புள்ளியில் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.
கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும்.
இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி அடுத்த புள்ளி.
கண்டனூரில், பூட்டிய வீடுகளின் தெருக்களில் தொடங்கி
கண்மாய்க் கரையில் முடியும்
என் இருபத்திரண்டு புள்ளிகள்.

"எத்தனை புள்ளி?" என்றார் வயிரவன்,
கோயில் கணக்குப் பார்ப்பவர், சைக்கிளில் ஒரு கால் ஊன்றி.
சொன்னேன்.
"எங்களுக்கு எண்ணூத்திச் சொச்சம்."
அவர் சொன்னது கல்யாணமான சோடிகளை;
சோடிக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி.
நான் சொன்னது நிற்கும் இடங்களை.
பழைய தமிழில் பறவைக்கே புள் என்று பேர்.
மூன்றும் ஒரே நோட்டில் குழம்பாதிருக்க
பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

பதினேழாம் புள்ளி, வெ.அரு. வீடு.
பங்காளிகள் பத்தொன்பது பேர், சாவி ஒன்று.
இரண்டாம் கட்டின் மாடியறையில்
வெண்முகக் கூகை ஒரு சோடி.
தரையெங்கும் அவை கக்கிய கறுப்பு உருண்டைகள்,
அரக்குப் பூசியதுபோல.
வாளியில் ஊறவைத்து இடுக்கியால் பிரிப்பேன்.
மயிர், தாடை, ஆரஞ்சு நிறத்தில் முன்பற்கள்.
வரப்பெலி நானூற்றுப் பன்னிரண்டு.
சுண்டெலி நூற்று முப்பத்தொன்று.
மூஞ்சூறு இருபது.
ஒரு தவளை. அது எப்படி வந்ததென்று தெரியவில்லை.

காவல்காரன் அடைக்கலம் அந்த அறைக்குள் வருவதில்லை.
"அது அலறுனா ஒரு சாவு விழும் டீச்சர்."
"விழுதே, பாருங்க" என்று வாளியைக் காட்டினேன்.
சிரிக்கவில்லை.

நிதி தருகிறவர்களின் படிவத்தில் பதினோராம் கட்டம்:
சூழல் சேவையின் மதிப்பு, ரூபாயில்.
ஓர் எலி ஓர் இரவில் எத்தனை கதிர் வெட்டும்,
ஒரு போகத்துக்கு எத்தனை மூட்டை,
கிடுக்கி வைப்பவருக்குக் கொடுக்காமல் மிஞ்சிய கூலி எவ்வளவு.
பெருக்கிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
ஒருமுறை வாசலைத் தாண்டிப் பறக்கையில்
தலைக்கு ஒரு முழம் மேலே, சத்தமே இல்லாமல்,
என் நெற்றி முடி மட்டும் அசைந்தது.
அதைக் கூட்டலில் சேர்க்கவில்லை.
அது எனக்கு வந்த வரவு, ஊருக்கு இல்லை.

வயிரவனுக்கு அந்த எண் பிடித்துப்போனது.
"வருசத்துக்கா?"
"போகத்துக்கு."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஊருணி மராமத்துக்கு மூணு வருசமா
பாக்கி வச்சிருக்கிற புள்ளிகளுக்கு இது எவ்வளவோ தேவலை."
மேலே சிவமயம் எழுதிய ஏட்டின் கடைசிப் பக்கத்தில்
கூகை, புள்ளி 1 என்று எழுதினார்.
குஞ்சு மூன்று இருக்கிறதே என்றேன்.
"அதுகளுக்குக் கல்யாணம் ஆகட்டும்."

மாசியில் பத்தொன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.
வீடு விடுதியாகிறது.
புறா நுழையக் கூடாதென்று சன்னலுக்கெல்லாம் வலை.
அறையைக் கழுவிவிட்டார்கள்.
என் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான் அடைக்கலம்.

பதினேழாம் புள்ளியில் இப்போதும் நிற்கிறேன்.
எதுவும் வராவிட்டாலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும்,
வராததையும் எழுத வேண்டும்.
பங்குனி, சுழி. சித்திரை, சுழி. வைகாசி, சுழி.
விடுதியின் மின்னியந்திரம் ஓடும் சத்தம், எழுதினேன்.
வயிரவன் தன் ஏட்டில் அந்த வரியை அடிக்கவில்லை.
பக்கத்தில் 'நிலுவை' என்று குறித்திருக்கிறார்.

நேற்று, இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே,
எந்தப் புள்ளியிலும் சேராத கரைமேட்டில்,
பனையடியில் ஒரு கறுப்பு உருண்டை. இன்னும் ஈரம்.
பையில் இட்டுத் தேதி எழுதினேன்.
புள்ளி எண் என்ற இடத்தில் பேனா நின்றது.

"ரெண்டு ராத்திரியா எங்க வீட்டுப் பக்கம் அலறுது"
என்றான் அடைக்கலம், டார்ச்சைப் பனைமேல் அடித்தபடி.
"இன்னும் ஒண்ணும் விழலை டீச்சர்."